நம்ம பிடிஎஃப்பைப் படிக்கத் தெரிந்த செயலி எது? எல்லைப்புற மாணவர்களுக்கு ஓர் ஒப்பீட்டு அலசல்

கேரள–தமிழ்நாடு எல்லையில், பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம் பக்கத்துப் பிள்ளைகளின் புத்தகப் பையில் மூன்று மொழி இருக்கும். பத்தாம் வகுப்பு வரை தமிழ் வழிப் பாடநூல். பிளஸ் ஒன் போனதும் இயற்பியலும் வேதியியலும் ஆங்கிலத்துக்கு மாறிவிடும். வகுப்பில் வாத்தியார் விளக்குவது மலையாளத்தில். வாளையாறு தாண்டிக் கோவையிலோ, கோபாலபுரம் தாண்டிப் பொள்ளாச்சியிலோ கல்லூரியில் சேர்ந்தால் தமிழ்நாட்டுப் பாடநூல்களும் கூட வந்து சேரும். ஏஐ குறிப்புச் செயலிகளை ஒப்பிடுகிற வீடியோக்கள் பெரும்பாலும் சுத்தமான ஒற்றை ஆங்கில பிடிஎஃப்பை வைத்துத்தான் எல்லாவற்றையும் செய்து காட்டுகின்றன. அந்த ஒப்பீட்டை நம்பி இங்கே ஒரு செயலியைத் தேர்ந்தால் முதல் வாரத்திலேயே முட்டிக்கொள்ளும்.

எந்தச் செயலியைத் தேர்வது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படிக்கவும் கேள்வி கேட்கவும் நோட்புக்எல்எம். படித்தது மறக்காமல் இருக்க ஆங்கி என்ற நினைவட்டைச் செயலி. சாட்ஜிபிடி, நோஷன், ஆட்டர் மூன்றும் இந்த ஊர் மாணவருக்கு அடுத்த வரிசையில்தான். சுருக்கம் எழுதுவதில் இவற்றுக்குள் பெரிய வித்தியாசம் கிடையாது, எல்லாமே நன்றாகத்தான் எழுதுகின்றன. நம் கையில் இருக்கிற பக்கத்தை அது சரியாகப் படித்ததா, படித்ததை நாம் சரிபார்க்க முடிகிறதா என்பதில்தான் வித்தியாசம்.

ஆட்டரைச் சீக்கிரம் முடித்துவிடலாம். பேச்சைக் கேட்டு எழுத்தாக்குகிற செயலி அது. இலவசக் கணக்கில் மாதம் 300 நிமிடம், ஒரு பதிவுக்கு 30 நிமிடம். ஆங்கிலம் மட்டுமே பேசும் வகுப்புக்கு அருமையாக வேலை செய்யும். தமிழும் மலையாளமும் அதற்குத் தெரியாது. ஒரே வாக்கியத்தில் மலையாளமும் ஆங்கிலமும் கலந்து வருகிற வகுப்பைப் பதிவு செய்தால், மலையாளச் சொற்களையும் ஒலி ஒத்த ஆங்கிலச் சொற்களாக எழுதிவைக்கும். அதைத் திருத்துகிற நேரத்தில் பாடத்தையே இரண்டு முறை வாசித்துவிடலாம். பள்ளியில் கைபேசிக்கு அனுமதியும் இல்லை. கல்லூரியில் என்றாலும் ஆசிரியரிடம் கேட்காமல் பதிவு செய்யக் கூடாது.

நோஷன் குறிப்புகளை அடுக்கி வைக்க நல்ல அலமாரி. கல்லூரி மின்னஞ்சல் இருந்தால் பிளஸ் திட்டம் மாணவர்களுக்கு இலவசம். 2025 ஆகஸ்டு முதல் இணையம் இல்லாமலும் பக்கங்களைத் திறக்கலாம். எழுதியதை வெளியே எடுத்துக்கொள்ளும் வசதியும் ஒழுங்காக இருக்கிறது. ஆனால் 2025 மே மாதத்துக்குப் பிறகு அதன் ஏஐ முழுதாகக் கிடைப்பது பிசினஸ் திட்டத்தில்தான். மற்றவர்களுக்கு ருசி பார்க்கிற அளவுதான். ஏஐக்காகவே செயலி தேடுகிற மாணவருக்கு இது சரிவராது. நன்றாகத் தட்டச்சு செய்யத் தெரிந்து, தானே குறிப்பு எழுதிப் படிக்கிற பழக்கம் உள்ளவருக்கு நோஷனே போதும் என்றும் சொல்லலாம்.

சாட்ஜிபிடியின் பலம் வேறு. 2025 ஜூலையில் வந்த படிப்பு முறை விடையை நேரே கொட்டாமல் பதில் கேள்வி கேட்டு, படிப்படியாக நடத்திக்கொண்டு போகும். ஒரு கணக்கு எங்கே இடறுகிறது என்று கண்டுபிடிக்க அதைவிடப் பொறுமையான துணை கிடைப்பது கடினம். புகைப்படத்தில் இருக்கும் கணக்கையும் வாசிக்கும். சிக்கல் இரண்டு. கொடுத்த கோப்பில் விடை இல்லாவிட்டால் பொது அறிவிலிருந்து நிரப்பிவிடும், நிரப்பியது எது என்று தனியாகக் கோடு போட்டுக் காட்டாது. கேரளப் பாடத்திட்டத்தில் ஒரு விதமாகக் கேட்டிருக்கும். அது எல்லாரும் சொல்கிற விதமாகச் சொல்லும். அடுத்தது கலைச்சொல். தமிழில் கேட்டால் ஒரு விடையில் ‘ஆக்சிஜன்’ வரும், இன்னொன்றில் இலங்கை வழக்கான ‘ஒட்சிசன்’ வரும். இயற்பியல் என்று தொடங்கிப் பௌதிகவியல் என்று முடிக்கவும் செய்யும். இரண்டும் நல்ல தமிழ்தான். ஆனால் எஸ்எஸ்எல்சி விடைத்தாளில் பாடநூலில் உள்ள சொல்லையே எழுதவேண்டிய பிள்ளைக்கு இது குழப்பம்.

நோட்புக்எல்எம் கூகுளுடையது. 2023இல் வந்தது, கைபேசிச் செயலி 2025 மே மாதம். நாம் கொடுக்கிற மூலங்களை வைத்தே பதில் சொல்வதுதான் அதன் அடிப்படை. பதிலின் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் சிறு எண் இருக்கும். அதைத் தொட்டால் நம் கோப்பில் அந்த வரி எங்கே இருக்கிறதோ அங்கே கொண்டுபோய் நிறுத்தும். இலவசக் கணக்கில் ஒரு நோட்புக்குக்கு 50 மூலங்கள், நாளுக்கு 50 கேள்விகள், 3 ஒலிச் சுருக்கங்கள். பள்ளி மாணவருக்கு இதுவே தாராளம்.

தமிழில் பதில் வர, அமைப்புகளுக்குள் வெளியீட்டு மொழியைத் தமிழாக மாற்றவேண்டும். மூலம் எந்த மொழியில் இருந்தாலும் பதில் தமிழில் வரும். மலையாளத்தில் அச்சான குறிப்பும் ஆங்கிலப் பாடநூலும் தமிழ்ப் பாடநூலும் ஒரே நோட்புக்கில் கிடக்கலாம். எல்லைப்புறத்தில் படிக்கிறவருக்கு இந்த ஒரு வசதிக்காகவே இதைப் பரிந்துரைப்பேன்.

பத்தாம் வகுப்பு முடித்து பிளஸ் ஒன் போகிற பிள்ளைக்கு முதல் மூன்று மாதம் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போல இருக்கும். பாடம் தெரியும், அதன் ஆங்கிலச் சொல் தெரியாது. அதற்கு ஒரு வழி உண்டு. பாடநூல் தயாரிக்கிற அரசு அமைப்பான கேரள எஸ்சிஇஆர்டி ஒரே பாடநூலைத் தமிழ், மலையாளம், ஆங்கிலம் எனத் தனித்தனிப் பதிப்பாக வெளியிடுகிறது; சமக்ரா என்ற கேரளக் கல்வித் தளத்தில் பிடிஎஃப் கிடைக்கும். பத்தாம் வகுப்பு இயற்பியலில் ஒரு பாடத்தின் தமிழ்ப் பதிப்பையும் ஆங்கிலப் பதிப்பையும் இரண்டு மூலங்களாகப் போட்டு, ‘இரண்டிலும் வரும் கலைச்சொற்களை அட்டவணையாகக் கொடு, இரு பக்கத்துக்கும் மேற்கோள் எண் வேண்டும்’ என்று கேளுங்கள். மின்தடைக்கு ரெசிஸ்டன்ஸ், முடுக்கத்துக்கு ஆக்சிலரேஷன், திசைவேகத்துக்கு வெலாசிட்டி என்று வரிசையாக வரும். ஒரு பக்கத்துக்கு மட்டும் எண் இருந்து மறுபக்கம் எண் இல்லாவிட்டால், அந்தச் சொல் பாடநூலில் இல்லை, செயலியே மொழிபெயர்த்துப் போட்டது என்று அர்த்தம். அந்த வரிகளைப் புத்தகத்தைப் பார்த்துத் திருத்திவிட்டுத்தான் மனப்பாடம் செய்யவேண்டும்.

எல்லாம் எழுத்துருவில்தான் இருக்கிறது

மேலே சொன்னது எல்லாம் பிடிஎஃப் நல்லதாக இருந்தால்தான். தமிழ் பிடிஎஃப்பில் நான்கு வகை உண்டு, கண்ணுக்கு நான்கும் ஒன்றுபோலவே தெரியும்.

கைபேசியில் பிடிஎஃப்பைத் திறந்து ஒரு வரியை அழுத்திப் பிடித்து நகலெடுங்கள். அதை வாட்ஸ்அப்பில் உங்களுக்கே அனுப்பிப் பாருங்கள். தமிழாகவே விழுந்தால் அது யூனிகோடு, அதாவது எல்லாக் கருவிக்கும் புரிகிற பொதுக் குறியீட்டில் அடித்தது, கவலை இல்லை. வரியைத் தேர்ந்தெடுக்கவே முடியவில்லை என்றால் அது வெறும் படம், அதாவது ஸ்கேன். தமிழாக விழுந்தும் கொம்பு ஒரு பக்கம், மெய் ஒரு பக்கம், கால் ஒரு பக்கமாகச் சிதறியிருந்தால் பிடிஎஃப் ஆக்கும்போது எழுத்து வரிசை கெட்டிருக்கிறது. நான்காவதுதான் அதிகம் ஏமாற்றுவது: ஆங்கில எழுத்தும் நிறுத்தற்குறியும் கலந்த குப்பை விழும்.

இந்த நான்காவது வகை பழைய எழுத்துருக்களின் மிச்சம். பாமினி எழுத்துருவில் திரையில் ‘தமிழ்’ என்று தெரிகிற சொல், உள்ளே ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியும்தான். எழுத்துரு அந்த ஐந்துக்கும் தமிழ் முகமூடி மாட்டிக் காட்டுகிறது. தமிழக அரசு 2010இல் யூனிகோடை ஏற்று ஆணை போட்ட பிறகும், டிடிபி கடைகளில் பழைய எழுத்துருக்கள் இன்றும் ஓடுகின்றன. வினாவங்கி, கையேடு, டியூஷன் சென்டர் நோட்ஸ் என்று கைக்கு வருவதில் நிறைய அந்த வகைதான். மலையாளத்திலும் இதே கதை. எம்எல் கார்த்திகா போன்ற எழுத்துருக்களில் அடித்த கேரள பிஎஸ்சி (அரசுப் பணித் தேர்வு) கையேடுகளை நகலெடுத்தாலும் இப்படியேதான் விழும்.

இப்படியொரு கோப்பைக் கொடுத்தால் செயலிக்குள் போவது குப்பை. சில சமயம் பக்கத்தின் படத்தைப் பார்த்துச் சமாளித்துவிடும். எந்தப் பக்கத்தில் சமாளித்தது, எந்தப் பக்கத்தில் கோட்டைவிட்டது என்று மேலோட்டமாகப் பார்த்தால் தெரியாது. நோட்புக்எல்எம் இங்கேதான் முந்துகிறது. இடப்பக்கம் மூலத்தின் பெயரைத் தொட்டால், அது உள்ளே வாங்கிக்கொண்ட எழுத்து அப்படியே விரியும். அங்கே தமிழ் இருக்கிறதா, குப்பை இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துவிடலாம். சாட்ஜிபிடியில் அந்தச் சன்னல் இல்லை. கோப்பு குப்பையாக இருந்தாலும், தலைப்பைப் பார்த்துப் பொது அறிவிலிருந்து அழகான விடை எழுதிவிடும். விடை சரியாகக்கூட இருக்கலாம். ஆனால் அது உங்கள் பாடத்திலிருந்து வந்ததல்ல, அது உங்களுக்குத் தெரியவும் வராது.

திருத்த இரண்டு வழி. எழுத்துருவின் பெயர் தெரிந்தால் என்எச்எம் கன்வெர்ட்டரில் போட்டு யூனிகோடாக மாற்றலாம். தமிழ் இலக்கியம், வரலாறு போன்றவற்றுக்கு இது சுத்தமாக வரும். அறிவியலுக்கு வராது. பாடத்தின் நடுவே இருக்கும் உண்மையான ஆங்கில எழுத்துகளையும் அது தமிழாக்கிவிடும். வேதியியல் வாய்ப்பாடுகள் அத்தனையும் பொருளற்ற தமிழ் எழுத்துகளாக மாறிக் கிடக்கும்.

அறிவியலுக்கு ஓசிஆர்தான், அதாவது பக்கத்தின் படத்தைப் பார்த்து எழுத்தைப் பிரித்தெடுக்கிற முறை. பிடிஎஃப்பை அப்படியே கொடுத்தால் உள்ளே இருக்கிற குப்பை எழுத்தையே எடுத்துக்கொள்ள வாய்ப்பு உண்டு, அதனால் பக்கங்களை முதலில் படமாக்குங்கள். கணினியில் கூகுள் டிரைவுக்கு ஏற்றி, வலது சொடுக்கி, கூகுள் டாக்ஸில் திற என்று கொடுங்கள். கைபேசிச் செயலியில் இதைத் தேடி நேரத்தைப் போக்கவேண்டாம், கணினியின் உலாவியில் செய்யுங்கள். கோப்பு 2 எம்பிக்குள் இருக்கவேண்டும், எழுத்தின் உயரம் 10 பிக்சலுக்குக் குறையக் கூடாது. டாக்ஸில் மேலே படமும் கீழே எழுத்தும் வரும். படத்தை நீக்கிவிட்டு எழுத்தை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

வந்த எழுத்தில் நான்கு இடத்தில் மட்டும் கண் வைத்தால் முக்கால்வாசிப் பிழை சிக்கிவிடும். காலும் ரகரமும் ஒன்றுக்கொன்று மாறியிருக்கும். மெய்யின் மேல் புள்ளி பறந்திருக்கும். ணகரம் னகரமாகியிருக்கும். ஔகாரம் ‘கௌ’ என்று இல்லாமல் ‘கெ’, ‘ள’ என்று உடைந்திருக்கும். இரண்டு பத்தியாக அச்சான பக்கமென்றால் இடப்பத்தி வரியும் வலப்பத்தி வரியும் மாறிமாறி ஒட்டிக்கொள்ளும். படம் எடுக்கும்போதே பத்தி பத்தியாக வெட்டிவிட்டால் இது வராது.

நண்பர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்புகிற படங்களில் இன்னொரு தொல்லை. படமாக அனுப்பினால் வாட்ஸ்அப் சுருக்கிவிடும், எழுத்தின் விளிம்பு கரைந்து புள்ளிகள் காணாமல் போகும். ‘டாக்குமென்ட்டா அனுப்புடா’ என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் தீர்ந்தது. வீட்டில் ஸ்கேன் செய்வதானால் சன்னலோரப் பகல் வெளிச்சம் போதும், பக்கம் மட்டும் வளையாமல் தட்டையாக இருக்கவேண்டும்.

கையால் எழுதிய தமிழ்க் குறிப்பை எந்தச் செயலியும் நம்பத்தக்க அளவில் வாசிப்பதில்லை. ஜிபோர்டு விசைப்பலகையில் தமிழ்க் குரல் தட்டச்சை வைத்து, நோட்டைப் பார்த்து உரக்க வாசித்துவிடுவதே சுலபம். முற்றுப்புள்ளிகளை மட்டும் நாமே போடவேண்டிவரும். வாசித்ததில் ஒரு முறை படித்த கணக்கும் ஆகிவிடும்.

ஒரு பக்கச் சோதனை

எந்தச் செயலியானாலும் முழுப் புத்தகத்தை ஏற்றும் முன் ஒரே ஒரு பக்கத்தை ஏற்றிப் பாருங்கள். முன்னுரைப் பக்கம் வேண்டாம். பெட்டிச் செய்தி, அட்டவணை, படம் மூன்றும் இருக்கிற சிக்கலான பக்கமாக எடுங்கள். மூன்று கேள்வி கேளுங்கள். அந்தப் பக்கத்தில் உள்ள ஓர் எண் அல்லது ஆண்டு. பெட்டிக்குள் இருக்கிற ஒரு செய்தி. அந்தப் பக்கத்தில் இல்லவே இல்லாத ஒன்று. மூன்றாவதற்கு ‘இதில் இல்லை’ என்று பதில் வரவேண்டும். எது அப்படிச் சொல்லாமல் கதை கட்டுகிறதோ அதைத் தேர்வுக்கு நம்பவேண்டாம். முதல் இரண்டுக்கும் மேற்கோள் எண்ணைத் தொட்டுப் பார்த்து, சரியான வரியில் போய் நிற்கிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். நோட்புக்எல்எம் என்றாலும் இந்தச் சோதனையிலிருந்து விலக்கு இல்லை.

ஏற்றும்போது பாடவாரியாகப் பிரித்து ஏற்றுங்கள். ஒரு பாடப்பொருளுக்கு (சப்ஜெக்டுக்கு) ஒரு நோட்புக், ஒரு பாடத்துக்கு ஒரு மூலம், பெயரில் பாட எண். ‘வேதி 03’ என்பது போலப் பெயர் இருந்தால் மேற்கோளைப் பார்த்ததும் எந்தப் பாடம் என்று தெரியும். அந்த ஒன்றை மட்டும் டிக் செய்துவிட்டுக் கேட்கவும் முடியும். முழுப் புத்தகத்தையும் ஒரே கோப்பாகப் போட்டால் மூன்றாம் பாடக் கேள்விக்கு ஒன்பதாம் பாடத்திலிருந்தும் வரி இழுத்துவரும். யூடியூப் வகுப்பை மூலமாகச் சேர்ப்பதானால் அது எடுத்துக்கொள்வது எழுத்துரையை மட்டும்தான். கரும்பலகையில் எழுதியது அதற்குத் தெரியாது. எழுத்துரை இல்லாத வீடியோவும், ஏற்றி 72 மணி நேரம் ஆகாத வீடியோவும் மறுக்கப்படலாம்.

ஒலிச் சுருக்கம் 2025 ஏப்ரல் முதல் தமிழிலும் வருகிறது. இருவர் பேசிக்கொள்வது போல இருக்கும். கைபேசியில் இறக்கிவைத்துக்கொண்டால் பாலக்காட்டுச் சித்தூர் போகிற பஸ்ஸில் சிக்னல் இல்லாமலும் கேட்கலாம். பாடத்தை முதல் முறை தொடும் முன் கேட்க நல்லது. தேர்வுக்கு முதல் நாள் இதை மட்டும் கேட்டுவிட்டுப் போகவேண்டாம். வரையறைகளை உரையாடலுக்கு ஏற்ப வளைத்துச் சொல்லும், அட்டவணைகளை விட்டுவிடும்.

கணக்குப் பாடத்துக்கு இந்தப் பரிந்துரையை அப்படியே நீட்ட எனக்குத் துணிவில்லை. ஸ்கேன் பக்கத்திலிருந்து எழுத்தெடுக்கும்போது அடுக்குக் குறிகள் இறங்கிவிடும். மூன்றின் வர்க்கம் முப்பத்திரண்டாகும். அதற்குப் புகைப்படத்தோடு சாட்ஜிபிடி படிப்பு முறை, பக்கத்தில் விடைக்குறிப்பு. இப்போதைக்கு அதுவே மேல்.

ஆங்கியைச் சேர்க்கச் சொல்லக் காரணம், நோட்புக்எல்எம் புரியவைக்கும், நினைவில் நிறுத்தாது. அதிலேயே நினைவட்டையும் வினாடிவினாவும் 2025இல் வந்துவிட்டன. ஆனால் எந்த அட்டையை எத்தனை நாள் கழித்துத் திரும்பக் காட்டவேண்டும் என்று கணக்கு வைப்பது ஆங்கிதான். ஆண்ட்ராய்டில் ஆங்கிடிராய்டு என்ற பெயரில் இலவசம். பெயரை ஒத்த வேறு செயலிகளும் கடையில் உண்டு, பார்த்து இறக்குங்கள். ஐஃபோனுக்குக் காசு. கணினியில் இலவசம், கேரளப் பள்ளிகளில் இருக்கும் கைட் லினக்ஸ் கணினியிலும் ஓடும்.

அட்டை ஆக்க, நோட்புக்எல்எம்மில் ‘இந்தப் பாடத்திலிருந்து 30 கேள்வி, விடை ஒரு வரிக்கு மிகாமல், இரண்டு நிரல் அட்டவணையாக’ என்று கேட்டு, அதைக் கூகுள் ஷீட்ஸில் ஒட்டித் தலைப்பு வரியை நீக்கி, சிஎஸ்வி என்ற எளிய அட்டவணைக் கோப்பாக இறக்கி ஆங்கிக்குள் இறக்குமதி செய்யவேண்டும். எக்செலில் சேமித்தால் ‘சிஎஸ்வி யூடிஎஃப்-8’ என்று பார்த்துச் சேமியுங்கள். வெறும் சிஎஸ்வி என்று கொடுத்தால் தமிழ் முழுவதும் கேள்விக்குறிகளாகிவிடும். விடை நீளமாக இருந்தால் இரண்டு அட்டையாக உடையுங்கள். புதிய அட்டைகள் நாளுக்கு 20 என்றுதான் ஆங்கி தொடங்கும். அதை 8 அல்லது 10க்குக் குறைத்துவிடுங்கள். 20ஐ அப்படியே விட்டால் இரண்டு மூன்று வாரத்தில் மறுபார்வைக்கு வருகிற அட்டைகள் நாளுக்கு நூறைத் தாண்டும். அந்த இடத்தில்தான் பெரும்பாலான பிள்ளைகள் ஆங்கியைக் கைவிடுகிறார்கள்.

கூகுள் கணக்கு (அக்கவுன்ட்) விஷயத்தில் ஒன்று. பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கும் 2025 ஆகஸ்டு முதல் நோட்புக்எல்எம் திறந்திருக்கிறது. 13 வயது ஆகியிருக்கவேண்டும். கல்லூரி கொடுக்கிற கூகுள் கணக்கில் நோட்புக்குகளை வளர்க்காதீர்கள். படிப்பு முடிந்து கணக்கை மூடும்போது எல்லாம் அதோடு போய்விடும். சொந்தக் கணக்கில் வையுங்கள். ஓசிஆர் செய்து திருத்திய எழுத்துதான் இதில் உங்கள் உழைப்பு முழுவதும் போன இடம். அதை நோட்புக்எல்எம்முக்குள் மட்டும் விடாமல், டாக்ஸாக ஒரு தனி ஃபோல்டரில் பாட எண்ணோடு போட்டுவைத்தால், நாளைக்கு வேறு நல்ல செயலி வந்தாலும் தூக்கி அதில் போட்டுக்கொள்ளலாம். அடுத்த வருஷம் அதே வகுப்புக்கு வருகிற தங்கைக்கும் தம்பிக்கும் அந்த ஃபோல்டரின் இணைப்பை மட்டும் அனுப்பினால் போதும்.